காற்றடிக்கும் பக்கத்து நாற்காலி

பக்கெத்தா தீவு,
4 செப்டம்பர் 1978

மதிப்பிற்குரிய ஜுரேமா அவர்களுக்கு,

எழுத உட்கார்ந்தால் நீட்டிவிடுவேன் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். வேண்டாததை நீங்கள் தாண்டிப் போய்விடலாம்.

1. உங்கள் வீடும் செடிகளும்.
2. நம் விரிகுடாவும் நம் இசையும். ஜாஸ் கேட்டே கிழவனான ஒருவனுக்கு அவை தரும் இன்பம். கூடவே ஒரு குறை: இந்த இசையில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.
3. வால்டெமீரோவின் கடை வாசல் மேஜையில் எனக்கு இடம் இல்லை.
4. ஆகவே நவம்பரில் என் மகனோடு சாவோ பாவுலோவுக்குப் போய்விடுவது.

முதலாவது. ஜூன் மாதம் கால் உடைந்த உங்கள் அக்காவைப் பார்த்துக்கொள்ளப் புறப்பட்டபோது சாவியைப் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் கொடுத்தீர்கள். வீடு பத்திரமாக இருக்கிறது. அவகாடோ மரம் ஓட்டின் மேல் காய்களைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போகிறேன். சுவர் ஓரத்துச் செம்பருத்தி நிறையப் பூக்கிறது. ஞாயிறுதோறும் அதிலிருந்து ஒரு பூவைப் பறித்துக்கொள்கிறேன். காரணம் நல்லதுதான், மன்னிக்கவும்.

இரண்டாவது. பிற்பகலில் நம் தெருக்கோடியில் உள்ள வழவழப்பான பாறையில் போய் உட்காருகிறேன். கடல்காற்று உள்ளே நுழையும் நேரம் அது. நங்கூரமிட்ட மீன்பிடிப் படகுகளைத்தான் பார்ப்பேன். அலை வந்து மூக்கைத் தொட்டதும் படகு எழுவதில்லை. அலை அடியில் புகுந்து பாதி தூரம் போன பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் மெல்ல எழுகிறது. நம்மவர்கள் பாடும்போது சொல்லைத் தாளத்தின் மேல் வைக்காமல் ஒரு மூச்சு தள்ளி வைப்பார்களே, அதேதான். இளம் வயதில் ரியோவில் சூதாட்ட விடுதியின் மதிலுக்கு வெளியே நின்று ஜாஸ் வாத்தியக்குழுவைக் கேட்டபோது, இந்தத் தாமதம் அமெரிக்கக் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு என்று நினைத்தேன். நம் படகுகளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

ஜாஸின் துயரத்துக்கு ஒரு மூடிய அறை வேண்டும். நம் துயரத்துக்கு நல்ல வெயில் போதும். மத்தி வறுபடும் வாசனையில், கண் கூசும் வெளிச்சத்தில், மனத்தைப் பிசையும் ஒரு மெட்டை வாசிக்கிறார்கள். எதிர்க்கரையில் மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. பின்னால் போகப்போக நீலம் வெளுக்கிறது. கிட்டாரில் ஒரு விரலை மட்டும் நகர்த்தி மற்ற விரல்களை அப்படியே வைத்திருந்தால் ஒலி நிறம் மாறுமே, அதுதான் நினைவுக்கு வருகிறது. இதெல்லாம் ஓய்வுபெற்ற வடிவியல் வாத்தியார் சொல்லக்கூடிய விஷயமா என்று தெரியவில்லை.

குறைக்கு வருகிறேன். ஜாஸில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர் முடித்ததும் தலையசைத்து அடுத்தவரிடம் கொடுப்பார். நம் ஞாயிறு மேஜையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். வால்டெமீரோவின் மாண்டலின் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், பல்மருத்துவர் எவரால்டோவின் ஏழு தந்திக் கிட்டார் கீழிருந்து குறுக்கே பேசுகிறது. நாலு தந்திக் குட்டிக் கிட்டாரோ மூச்சே விடாமல் தொணதொணக்கிறது. கேட்க அழகு. உள்ளே நுழைய வாசல் எங்கே என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது. ஏப்ரலில் இந்தத் தீவுக்குக் குடிவந்த நாள் முதல் கிளாரினெட் பெட்டியோடு கடை எதிரே வாதுமை மரத்தடியில் நிற்கிறேன். நான் வாசிப்பேன் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் ஜன்னலைச் சாத்தியும் உங்கள் காதில் விழுந்துவிட்டதால். இதுவரை ஒருவரும் "வாங்க" என்று சொல்லவில்லை. ஒருமுறை எவரால்டோவின் தடித்த தந்தியில் அபாரமான ஓர் ஓட்டம் வந்தது. ஜாஸ் அரங்கு வழக்கப்படி கை தட்டிவிட்டேன். நாலு பேரும் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

நான்காவது. ரெனான் ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறான். "அப்பா, அங்க யாருக்காக உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டான். நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை, சாமான்களுக்குப் படகோடு வருகிறான்.

அனுப்பத் தகுந்த கடிதம்தானா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.

மரியாதையுடன்,
அன்செல்மோ


ஃபோர்தலேசா,
16 செப்டம்பர்

வாத்தியாரே,

அக்கா ஒருவழியாகத் தூங்கிவிட்டாள். தூளியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டவள், மறுபடியும் தூளியில்தான் படுப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். எனக்கு நிற்கவும் நேரமில்லை, உட்காரவும் நேரமில்லை. நீங்கள் மலை நீலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருந்தது. இங்கே உள்ள கடல் அப்படி இல்லை. காது கிழியக் கத்துகிறது. பாய்மரக் கட்டுமரங்கள் துள்ளித் துள்ளிப் போகின்றன. தாளம் போட்டுப் பார்த்தேன், கை வலித்ததுதான் மிச்சம்.

உங்கள் மூன்றாவது குறிப்பு எனக்குப் புரியவில்லை. புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு நான் அந்த மேஜையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "பெட்டியோட மரத்தடியில நிக்கிறாரே, அவரா வந்து கேக்கவே மாட்டாரு. நீங்கதான் இடம் விடணும்" என்றேன். எவரால்டோ தலையாட்டினான். இடம் விட்டார்களா இல்லையா? விடவில்லை என்றால் எழுதுங்கள், வந்து தோலை உரிக்கிறேன்.

ஆனால் ஒன்று. எங்கள் மேஜையில் யாரையும் வாயால் கூப்பிடும் பழக்கம் கிடையாது. என்னையும் யாரும் கூப்பிடவில்லை. பொம்பளை பண்டெய்ரோ மேளம் தட்டுவதாவது என்று ஊரே சிரித்த காலம் அது. நான் பாட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். எவரால்டோ முழங்காலை இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான். வரவேற்பு அவ்வளவுதான்.

கை தட்டாதீர்கள். அது மேடை இல்லை. சாப்பிட உட்கார்ந்தவனுக்கு யாராவது கை தட்டுவார்களா?

ஜுரேமா

செம்பருத்தி எதற்கு? யாராவது பெண்ணுக்கா? சொல்லுங்கள், நான் சிரிக்க மாட்டேன்.


பக்கெத்தா தீவு,
2 அக்டோபர்

மதிப்பிற்குரிய ஜுரேமா அவர்களுக்கு,

நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள்: இடம் விட்டார்களா? விடவில்லை.

பழி சொல்வதாக நினைக்க வேண்டாம். உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் இருந்தவரை மேஜையைச் சுற்றி நாலு நாற்காலிகள். இப்போது உங்கள் இடத்தில் படகுத்துறைச் சீட்டு கொடுப்பவர் உட்கார்ந்து பண்டெய்ரோ வாசிக்கிறார். நீங்கள் போன பிறகு மேஜையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறார்கள், ஐந்தாவதாக ஒரு நாற்காலியும் வந்திருக்கிறது. கடலைப் பார்த்த பக்கத்தில் போடுகிறார்கள். அதில் யாரும் உட்காருவதில்லை, பெட்டி பை கூட வைப்பதில்லை. பார்த்தவுடன் புரிந்துகொண்டேன். நான் இங்கே வருவதற்கு முந்தின மாதம் காலமான புல்லாங்குழல் ஒலிம்பியோவுக்கான நாற்காலி அது. அவர் பெயரைச் சொல்லாமல் அந்த மேஜையில் ஒரு மெட்டும் தொடங்குவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அவரை நான் கேட்டதில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் அவர்கள் தொடங்குவதற்கு முன்னால் போய், தொப்பியைக் கழற்றி, அந்த நாற்காலியில் ஒரு பூவை வைத்துவிட்டு மரத்தடிக்குத் திரும்புகிறேன். செம்பருத்தி அதற்குத்தான். நான் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான். அதற்கு நன்றி எதிர்பார்க்கவில்லை. ஆனால் நாளுக்கு நாள் அவர்கள் முகம் கடுக்கிறது. பூ வைக்கும்போது வால்டெமீரோ வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

நேற்று நடந்ததைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. ஒரு நாள் சுற்றுலாவுக்கு ரியோவிலிருந்து வந்த பையன் ஒருவன், ஈரக் கால்சட்டையோடு, கையில் குச்சி ஐஸோடு, அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். என் வாழ்நாளில் நான் யாரையும் இருக்கையிலிருந்து எழுப்பியதில்லை. வகுப்பில்கூட. நேற்று எழுப்பினேன்.

"யார் சீட்டு தாத்தா இது?"

"இறந்துபோனவருடையது, தம்பி."

சூடுபட்டவன்போல் எழுந்து ஓடினான். மாண்டலின் பாதியில் நின்றுவிட்டது. எவரால்டோ மட்டும் வாசித்துக்கொண்டே, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். மெட்டு முடிந்ததும் எழுந்து நேராக மரத்தடிக்கு வந்தார்.

"வாத்தியாரே, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"ஒன்றும் வேண்டாம்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு பீர் எடுக்க உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். போய்விடு என்பதா? மே மாதம் என் கடைவாய்ப் பல்லை எவ்வளவு பதமாகப் பிடுங்கினார். அதே மனிதர்தானா? அவருக்குச் சொல்லவேண்டிய பதில்கள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வந்துகொண்டே இருந்தன. எப்போதும் இப்படித்தான். எனக்கு வார்த்தை வரும்போது எதிரில் ஆள் இருப்பதில்லை.

பாறைக்குப் போனேன். மலையிலிருந்து மழை இறங்கி நீரின் மேல் நடந்து வந்தது. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்தபடியே கழிமேல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. பத்து நிமிஷம் எல்லாம் ஒரே சாம்பல். பிறகு ஓரிடத்தில் மட்டும் வெயில் விழுந்தது. நல்ல வாத்தியக்காரன் நெடுநேரம் மங்கலாகவே வாசித்துவிட்டு ஒரே ஒரு சுரத்தை மட்டும் திறந்து விடுவான். மனம் நொந்திருந்தபோதும் அந்த அழகு கண்ணில் படாமல் போகவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

ஜாஸ் இசைத்தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டேன். அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் கடைசியாக ஒருமுறை கேட்கிறேன். எல்லாம் நாலு சுவருக்குள் வாசித்தவை. ஒரு சுரம்கூட வீணாகவில்லை. நம் மேஜையில் வாசிப்பதில் பாதியைக் காற்று கொண்டுபோகிறது. அதைப் பற்றி அவர்களுக்குத் துளிக் கவலை இல்லை. இந்தக் கவலையின்மையைத்தான் நான் காதலிக்கிறேன் போலிருக்கிறது. அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மரியாதையுடன்,
அன்செல்மோ


ஃபோர்தலேசா,
11 அக்டோபர்

வாத்தியாரே,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அக்காவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, வெயிலில் தொலைபேசி நிலையத்துக்கு ஓடினேன். வால்டெமீரோ கடைக்குப் போட்டு எவரால்டோவைக் கூப்பிடச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தாயே, நீ சொன்ன அடுத்த வாரமே நாற்காலி போட்டாச்சு. அந்த ஆளு வாரா வாரம் வந்து, தொப்பியைக் கழட்டி, அதுல பூ வச்சுட்டு மரத்தடிக்குப் போயிடறாரு. எங்களை உசிரோட புதைக்கிறாரா என்ன? ஒரு பையன் தெரியாம உக்காந்தான். செத்தவன் சீட்டுன்னு சொல்லி அவனையும் விரட்டிட்டாரு. வால்டெமீரோ வாசிப்பையே நிறுத்திட்டான். என்னதான் வேணும்னு நேராப் போய்க் கேட்டேன். ஒண்ணும் வேண்டாங்கறாரு. எங்க மேஜை அவருக்கு மட்டமாப் படுதுபோல. போகட்டும் விடு."

வாத்தியாரே, ஒலிம்பியோ ஒருநாளும் கடல் பக்கம் உட்கார்ந்ததில்லை. சுவர் ஓரத் திண்ணைதான் அவன் இடம். புல்லாங்குழல்காரன் காற்றடிக்கும் பக்கம் உட்காருவானா? அவன் ஊதுவதற்கு முன்னால் காற்று ஊதிவிடும். அந்த மூலை ஒருத்தருக்கும் ஆகாது. மாண்டலின்காரனுக்கு விரல் விறைத்துவிடும், கிட்டாருக்குச் சுருதி இறங்கிவிடும். வாயில் கவ்வி ஊதுகிற கருவிக்கு மட்டும்தான் காற்று ஒன்றும் செய்யாது. இந்தத் தீவில் அப்படி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆள் யார்? கணக்குப் படித்தவர்தானே நீங்கள்?

உங்கள் நாற்காலிக்கு நீங்களே மலர் வைத்துக்கொண்டிருந்தீர்கள். அதுவும் என் செம்பருத்தியை.

சிரிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். நிலையத்திலேயே சிரித்துவிட்டேன். வெளியே வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதம்! போய் உட்காருங்கள்.

ஜுரேமா


பக்கெத்தா தீவு,
23 அக்டோபர்

மதிப்பிற்குரிய ஜுரேமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படகுத்துறையில் நின்றே படித்தேன். காது இரண்டும் சுட்டன. அன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

நேற்று போய் உட்கார்ந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இனி இதைப் பற்றி எழுதி உங்களைத் தொல்லைப்படுத்த மாட்டேன்.

பூ இல்லாமல் போனேன். நாற்காலி கடல் பக்கமே இருந்தது. உட்கார்ந்தேன். கிளாரினெட்டைப் பொருத்த எனக்கு நேரம் பிடித்தது. அதற்குள் என்ன மெட்டு, எந்தச் சுருதி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தொடங்கிவிட்டார்கள். முதல் பகுதி முழுவதும் போய்விட்டது. இரண்டாவதில் நுழைந்தேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு பல முறை வாசித்த மெட்டுதான், சரியாகவே வந்தது. அந்தத் தைரியத்தில், முடிந்ததும் இனி என் முறை, என் கற்பனையை வாசிக்கலாம் என்று புறப்பட்டேன். ஜாஸில் அப்படித்தான் செய்வார்கள்.

ஒருவரும் ஒதுங்கவில்லை. நான் ஒன்று சொன்னால் எவரால்டோவின் தடித்த தந்தி மறுத்து வேறொன்று சொன்னது. நான் குரலை உயர்த்தினேன். அதுவும் உயர்த்தியது. வழி தப்பிவிட்டேன். கிளாரினெட்டின் வாய்முனை நாணல் கீச்சிட்டது. பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு படி இறங்கி நிறுத்திவிட்டார்கள். நிறுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. என் கிளாரினெட் மட்டும் விரிகுடாவைப் பார்த்துத் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. நன்றாக இருந்தது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல் இல்லை. வால்டெமீரோ எழுந்துபோய் வறுத்த மத்தித் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "முள்ளு பாத்து" என்றார். தின்றேன். எலுமிச்சை தூக்கலாக இருந்தது. பிறகு பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே என் முதல் கடிதத்தைத் திருத்துகிறேன். மூன்றாவது குறிப்பில், இடம் இல்லை என்பதை, நாற்காலி உண்டு, இடம் இல்லை என்று மாற்றிப் படிக்கவும். இரண்டாவது குறிப்பு மாறவில்லை. முன்பு மரத்தடியிலிருந்து ஊகித்து எழுதினேன். இப்போது நடுவில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்: எனக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. நான்காவதும் அப்படியே நிற்கிறது. இசைத்தட்டுப் பெட்டிகளை இன்று காலை சரக்குப் படகில் ரெனானுக்கு அனுப்பிவிட்டேன். வீடு ஒலி இல்லாமல் இருக்கிறது.

உங்கள் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

மரியாதையுடன்,
அன்செல்மோ


ஃபோர்தலேசா,
1 நவம்பர்

வாத்தியாரே,

எனக்கு உங்கள் மேல் கோபம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஒருத்தர் பேசும்போது மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வகுப்பறை என்று பெயர். நீங்கள் அங்கிருந்துதான் வந்தீர்கள், எனக்குத் தெரியும். மேஜையில் அப்படி இருந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எவரால்டோ குறுக்கே பேசினானாமே. அவனுக்குப் பிடிக்காத ஆள் வாசித்தால் என்ன செய்வான் தெரியுமா? கிட்டாரை மடியில் படுக்க வைத்துவிட்டுப் பல் குத்துவான். பல்மருத்துவன், ஊரார் பார்க்கப் பல் குத்துவான். உங்களுக்குக் குத்தினானா? குரலை உயர்த்தினீர்கள், அவனும் உயர்த்தினான். என்னோடு அவன் அப்படிச் சண்டை போட இரண்டு வருஷம் ஆயிற்று.

வால்டெமீரோ கேட்காமல் தட்டு வைத்தான், அதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடையில் வெளியாள் உள்ளே போய், கல்லா மேடையில் கையூன்றி நின்று, கேட்டு வாங்க வேண்டும். அவன் வெளியே தட்டைத் தூக்கி வருவது மேஜைக்காரர்களுக்கு மட்டும்.

இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. போவதும் இருப்பதும் உங்கள் இஷ்டம். போவதானால் சாவியை வால்டெமீரோவிடம் கொடுங்கள். அக்கா கோலூன்றி நடக்கிறாள். டிசம்பரில் வந்துவிடுவேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு யாராவது ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பத் தப்பாக ஊதாவிட்டால் எனக்கு மதியத் தூக்கம் வருவதில்லை. இங்கே வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

ஜுரேமா


பக்கெத்தா தீவு,
13 நவம்பர்

ஜுரேமா அவர்களுக்கு,

நேற்று விடைபெறத்தான் போனேன். உங்கள் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அதை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்புவதற்குத் தைரியம் இல்லை.

தென்மேற்கிலிருந்து பலமான காற்று. விரிகுடா முழுவதும் வெள்ளை நுரை. சிவந்த வாதுமை இலைகள் மேஜை மேல் பறந்து விழுந்தன. கண்ணாடிக் குவளைகளைக் காகிதத்தின் மேல் வைத்து அழுத்தியிருந்தார்கள். என் நாற்காலி இருந்த பக்கம் காலியாக இருந்ததால் காற்று நேராக உள்ளே வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த எவரால்டோ ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தார். பஞ்சை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். வயதாகிறது என்று நினைத்திருந்தேன்.

விடைபெறுவதற்கு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். வாய் வேறொன்றைக் கேட்டுவிட்டது. அந்த மேஜையில் நான் கேட்ட முதல் கேள்வி அது: "மேஜையைச் சுவர் ஓரமாக நகர்த்திக்கொள்ளலாமே, டாக்டர்? காற்று இருக்காதே."

"நகர்த்தலாம்" என்றார். "நகர்த்தினா நாலு பேருக்குத்தான் இடம்."

நான் புரியாமல் நின்றேன். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஜூலைலேருந்து இந்தக் காத்து என் காதுலயே அடிக்குது, வாத்தியாரே. எங்களுக்கு என்ன வேண்டுதலா? உக்காருங்க, முதுகால கொஞ்சம் மறைங்க."

உட்கார்ந்தேன்.

வாசித்ததைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். மெட்டை மட்டும் வாசித்தேன். தடித்த தந்தி குறுக்கே வந்தபோது ஓரிடத்தில் சின்னதாகப் பதில் சொன்னேன். அவர் உடனே மறுத்தார். வால்டெமீரோ சிரித்தார்.

ஒன்றைக் கவனித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இரண்டாம் பகுதி முடிந்து முதல் பகுதிக்குத் திரும்பும் இடத்தில் இவர்கள் ஒரு கணம் தயங்குவது வழக்கம். அலை தாண்டிய பிறகு எழும் படகு என்று உங்களுக்கு எழுதினேனே, அந்தத் தாமதம். மரத்தடியிலிருந்து பல மாதம் கேட்டு, இந்த இசையின் பாணி என்று வியந்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்கள் தெரிகின்றன. வால்டெமீரோவின் இடது கைச் சுண்டுவிரல் சரியாக மடங்குவதில்லை. அந்த உயரமான சுரத்துக்கு அது போய்ச்சேர நேரம் பிடிக்கிறது. மற்ற மூன்று பேரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாசிப்பது தெரியாமல் வாசிக்கிறார்கள். விரல் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் ஒன்றாக இறங்குகிறார்கள். அதை அவர்கள் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது மெட்டில் அந்தத் தயக்கம் வேறோர் இடத்திலும் வந்தது. நாணலை ஈரப்படுத்திக்கொண்டிருந்ததால் நான் நுழையவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். நாலு பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் ஊத முடியவில்லை. காற்றில் கண் கரித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது எவரால்டோ கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த வாரம் பூ கீ எதுவும் வேண்டாம். உங்க நாற்காலி ஆடுது. ஒரு ஆணியும் சுத்தியலும் எடுத்துட்டு வாங்க."

அடுத்த வாரம் ஞாயிறு. படகு வருவது அதற்கு முந்தின நாள். அதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். சரி என்று தலையாட்டினேன்.

இன்று காலை ரெனானுக்குத் தந்தி கொடுத்தேன்: படகு வேண்டாம், நீ மட்டும் வா, ஞாயிறு வரை இரு. அவன் கோபித்துக்கொள்வான். அறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருந்தான். இசைத்தட்டுப் பெட்டிகளும் அவனிடம்தான் இருக்கின்றன. திரும்ப வரும்வரை இந்த வீட்டில் கேட்பதற்கு நான் வாசிப்பது ஒன்றுதான் உண்டு, அது கொஞ்சம் கஷ்டம்தான். ஜன்னலைத் திறந்துவைத்து வாசித்தால் தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.

சாவி என்னிடமே இருக்கட்டும்.

கடைசியாக, செப்டம்பரில் எழுதிய நாலு குறிப்புகள். முதலாவதில் மாற்றம் இல்லை, செடிகள் நலம். மூன்றாவதை நீங்களே அடித்துவிட்டீர்கள். நான்காவதைத் தந்தி அடித்துவிட்டது. நான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது இரண்டாவதை. இந்த இசையில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு.

அன்செல்மோ